பக்கம் பதினான்கு, ஒன்பதாம் வரி

முந்நூறு பிரதி. அதற்கு மேல் அச்சிட்டால்
கட்டிலுக்கு அடியில் இடம் இல்லை.
'உப்புத்தாள்' என்று பெயர் வைத்தது அதாவுல்லா.
தேய்த்தால் கொஞ்சம் எரியவேண்டும், அவ்வளவுதான் என்றார்.
முதல் இதழுக்கு வந்த ஒரே கடிதம்
குடியாத்தம் இரும்புக்கடை ஒன்றிலிருந்து:
எண்பதாம் நம்பர் என்ன விலை?

அலுவலகம் என்று ஒன்று கிடையாது.
பாபுராவ் தெருவில் நான் கணக்கு எழுதும்
லாட்ஜின் மொட்டைமாடி.
கொடியில் நோயாளிகளின் புடவை, துண்டு, பனியன்.
சுவரோரம் வங்காளத்துக் குடும்பங்களின்
மண்ணெண்ணெய் அடுப்பு, கடுகெண்ணெய்ப் புகை.
நடுவில் நாங்கள் சண்டை போடுவோம்.
ஒரு கதைக்குக் கடைசிப் பத்தி வேண்டுமா என்பதில்
ஒரு சித்திரை முழுவதும் போனது.
வேண்டாம் என்றவர்கள் ஆற்காட்டில்
வேறு பத்திரிகை தொடங்கினார்கள்.
இரண்டே இதழ். நன்றாகவே இருந்தன.
எங்கள் ஆசிரியர் பூங்காவனம்
மின்வாரியத்தில் மீட்டர் கணக்கு எடுப்பவர்,
யாருக்கும் சொல்லாமல் அதற்குச் சந்தா கட்டியிருந்தார்.
மணியார்டர் ரசீதை நான் பார்த்துவிட்டேன்.

இருபத்து மூன்றாம் இதழில்
பேரணாம்பட்டு கஜலட்சுமியின் முதல் கவிதை.
தோல் ஷாப்பில் பதினோரு வருடம்.
   தொட்டியிலிருந்து எடுக்க எடுக்க
   வந்துகொண்டே இருக்கிறது
   என் தோல்
என்று எழுதியிருந்தார்.
தோள் என்று வந்துவிட்டது.

மெய்ப்பு பார்த்தது நான்.
நாலாம் மாடிக்கு ஸ்ட்ரெச்சர் ஏறாது என்று
ஒரு குடும்பத்தோடு வாதாடிக்கொண்டே பார்த்தேன்.
இது காரணம் அல்ல. நடந்தது.

தோளும் அழகாகத்தானே இருக்கிறது என்றார் ஒருவர்.
காதல் வாடை அடிக்கிறது என்றார் இன்னொருவர்.
போன் போட்டுக் கேட்டோம்.
பின்னால் மிஷின் சத்தம்.
"தோளும் வலிக்குதுதான் சார்.
அது வேற கவிதை."

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். ஏழு பேர்,
ஐந்து வெள்ளை மைப் புட்டி.
ளகரத்தை மூடு, காயவிடு, லகரத்தை எழுது, புள்ளி வை.
வேலூர் வெயிலில் காய்வதற்கா பஞ்சம்,
புட்டியே பாதியில் காய்ந்தது.
எங்கள் கை கோணியது.
படிக்கத் தெரிந்தவன் கைக்கு அவசரம்,
அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது.

இருபத்தாறாம் அறை ஹராதன் மண்டல்
அடுப்பில் கஞ்சியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.
மனைவிக்கு ஈரல். நாற்பது நாளாக
டோக்கன், வரிசை, ஸ்கேன், மறுபடி வரிசை.
கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தோம்.
அவருக்கு அது எழுத்தே இல்லை.
ஒரு சுழி, ஒரு வளைவு, மேலே ஒரு பொட்டு.
நூற்றுப் பதினான்கு பிரதி திருத்தினார்.
அச்சுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

என்ன வார்த்தை என்று இந்தியில் கேட்டார்.
என் இந்தி வாடகை வாங்க மட்டும் ஆகும்.
அவர் முன்கையைக் கிள்ளிக் காட்டினேன்,
பிறகு அவர் செருப்பைத் தொட்டேன்.
'சாம்ரா' என்றார்,
நம் சருமத்துக்குத் தூரத்துச் சொந்தம் போல.
அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.
மஞ்சள் ஏறிய ஓர் உடம்பை
ஈரத்துணியால் ஒற்றி எடுக்கிற கை அது என்று
எனக்கு ராத்திரிதான் உறைத்தது.
கஞ்சி அடிப்பிடித்திருந்தது.

அறையைக் காலி செய்த அன்று
பதிவேட்டில் இருவர் என்றிருந்த இடத்தில்
ஒருவர் என்று மாற்றினேன்.
வெள்ளை மை போடவில்லை. அடித்து எழுதினேன்.
முர்ஷிதாபாத் முகவரியைப் பார்த்து
சந்தாப் பதிவேட்டில் ஏற்றினேன், எண் 187.
இருபத்து நான்கு போனது. இருபத்தைந்தும் போனது.
காட்பாடியில் ரயில் ஏறிய கட்டு எதுவும் திரும்பவில்லை.
செங்கத்துக்கு அனுப்புவதுதான்
'ஆள் இல்லை' என்று மூன்று முறை வந்துவிட்டது.

தோள் கவிதையைக் கேட்டு
கஜலட்சுமிக்குக் கார்டு போட்டிருக்கிறார் பூங்காவனம்.
வந்தால் அடுத்த இதழில்.
மெய்ப்பு அதாவுல்லா பார்ப்பார்.